செல்லக்கண்ணு கும்பிட்ட பறவைகள்

திருச்சி,
ஜனவரி 21, 1962

அன்பு மகளுக்கு,

நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை திரும்பி வந்துவிட்டது. நீ விடுதியை மாற்றிவிட்டாய் போலிருக்கிறது. இதை நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன்.

திருவெள்ளறை வயல்களில் அந்தப் பறவைகள் இந்த வருடமும் இறங்கியிருக்கின்றன. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்குகின்றன.

போன வருடம் நாம் பார்க்கப் போனபோது வயல்காரர் அடைக்கலம், "இதுங்க அன்னமா சார்? அன்னம்னா சாமி பட்சியாச்சே, தொட மாட்டோம்," என்றார். நீ என் கையை அழுத்தினாய். நான் காலேஜில் விலங்கியல் சொல்லித்தருகிறவன். "அன்னம் இல்லைங்க, காட்டு வாத்து. தலையில ரெண்டு கறுப்புப் பட்டை இருக்கு பாருங்க," என்றேன். மறுவாரம் அவர் ஒன்றை உரித்து நம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அன்று நீ சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வந்ததில்லையே?" என்று கேட்டார்கள். காப்பித் தட்டோடு நின்ற நீ என்னையே பார்த்தாய். ஆறு வயதில் உனக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததை நான் தேதியோடு சொன்னேன். அவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்தார்கள்.

நேற்று பக்கத்து வயல் செல்லக்கண்ணு வலையோடு நின்றார். "இதுங்க என்னங்க சார்?" என்று கேட்டார்.

"அன்னம்," என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றைக் கும்பிட்டார். வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே ஒரு வார்த்தைதான், மகளே. இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் அப்பா