செத்த செல்களின் சிவப்பு

மார்ச் 4
செல் வளர்க்கும் தட்டுகள் சிவந்துவிட்டன. எலும்பாக மாறும் செல்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்கும். சாயம் அதைச் சிவப்பாகக் காட்டும். எலும்பு வளர்க்கும் மருந்தாகும் என்று நாங்கள் நம்பும் சின்ன மூலக்கூறு சேர்த்த தட்டெல்லாம் ரத்தச் சிவப்பு. துறைத்தலைவர் ஓடி வந்தார். "கலக்கிட்டீங்கம்மா! இருபத்திரண்டாம் தேதி நிபுணர் குழுகிட்ட இதக் காட்டினா போதும்." அந்தக் குழு திட்டத்தை நீட்டித்தால்தான் என் வேலை நீடிக்கும். நாற்பத்தாறு வயதில் என் பிழைப்பு ஒரு நிறத்தை நம்பி நிற்கிறது.

மார்ச் 6
மரபணு அளவீடு வந்தது. செல் எலும்பாக மாறும்போது பேச வேண்டிய மரபணுக்கள் வாயே திறக்கவில்லை. எந்நேரமும் சளசளக்கும் சாதாரண மரபணுக்கள்கூடக் கப்சிப். "மெஷின் மக்கர் பண்ணுது மேடம்" என்றாள் ஆய்வு மாணவி. அப்படியே இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். பெரிய விஞ்ஞானி!

மார்ச் 7
மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. செத்தது செல்கள். மருந்து அதிகம். ஊட்டக் கரைசலில் இருந்த சுண்ணாம்பு தானாகப் பிணங்களின் மேல் படிந்திருக்கிறது. வீட்டில் இவரிடம் சொன்னேன். "நம்ம கெட்டில்லயுந்தான் வெள்ளையா படியுது. எலும்பு முளைச்சிருக்குன்னு எழுதிடேன்!" சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது.

மார்ச் 8
தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.
"சிவப்பு சிவப்புதானேம்மா? படத்த மட்டும் காட்டுங்க."
"செல்லெல்லாம் செத்துப்போச்சு சார்."
"அத யாரு கேட்டா?"
யாரும் கேட்கமாட்டார்கள்தான். சம்பளம் வரும். நாளைக்கு இடுப்பு முறிஞ்சு கிடக்கிற எவளுக்கோ இதையே ஏத்துவாங்க — எனக்கென்னன்னு எப்படி இருக்கறது?
ஃபார்மலினில் கொன்ற செல்களை ஒரு தட்டில் வைத்தேன். மருந்து இல்லை, ஊட்டக் கரைசல் மட்டும்.

மார்ச் 15
பிணத்தட்டிலும் படிகிறது. பிரமாதமாகப் படிகிறது.

மார்ச் 22
மருந்துத் தட்டு ஒன்றையும் பிணத்தட்டையும் சாயமேற்றி, எது எதுவென்று சொல்லாமல் குழுவின் முன் வைத்தேன். "எதுல எலும்பு உருவாயிருக்கு, சொல்லுங்க." தலைவர் முந்திக்கொண்டு ஒன்றைத் தொட்டார். "இதுதான்! என்ன அடர்த்தி பாருங்க!"
"அதுல மருந்தே கிடையாது சார். செல்லக் கொன்னுட்டு வெச்சது."
குழுவிலிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.
வேலை போச்சு.

மே 10
போகவில்லை. திட்டத்தை நீட்டித்துவிட்டார்கள், புதுத் தலைப்போடு: 'எலும்பு ஆய்வில் போலிச் சிவப்பை இனங்காணுதல்'. மூலக் கருத்து: துறைத்தலைவர். இன்றைய கருத்தரங்கில், "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.
பிறகு போய்ப் புதுத் தட்டுகளைப் பார்த்தேன். மருந்து முன்னைவிட மிகக் குறைவு. செல்கள் உயிரோடிருக்கின்றன, ஒன்றுகூடச் சிவக்கவில்லை. எலும்பு மரபணு ஒன்று மட்டும் லேசாக முனகத் தொடங்கியிருக்கிறது.
யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.