கையை வீசினால்தான் நடையாம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம், எனக்குக் கோபத்தைத் தவிர வேறு வியாதி இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் ஆபீசில் உடற்பயிற்சிப் போட்டி நடத்துகிற பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய், அம்மா பூரித்துப்போனாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதே கூத்து எங்கள் காகிதக் கிடங்கிலும் ஒரு மாதமாக நடக்கிறது. எல்லார் மணிக்கட்டிலும் அடி எண்ணுகிற பட்டை, தினமும் யார் எத்தனை அடி என்று பலகையில் எழுத வேண்டும், என் எழுத்து குண்டு குண்டாக இருப்பதால் அந்த வேலை என் தலையில். கடைசியில் வருகிறவன் காலையில் எல்லார் முன்னாலும் இருபது தடவை உட்கார்ந்து எழ வேண்டும்.

என் லட்சணத்தைக் கேள். நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற நான் மூன்றாம் இடம்! ஃபேன் ஓடாததால் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு விசிறலையும் அந்தப் பட்டை ஓர் அடி என்று எண்ணிவிட்டது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு கைதட்டலும் வாங்கினேன், வெட்கங்கெட்டவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டியில் பண்டல் தள்ளுகிறவன், நாங்கள் லாரி என்று கூப்பிடுவோமே, அவன் கடைசி. வண்டியைப் பிடித்த கை ஆடாதே, ஆடாத கைக்கு நடையே இல்லையாம். மானேஜரிடம் இதைச் சொன்னேன், அவரோ மெஷின் பொய் சொல்லாது, நீ என்ன அவனுக்கு வக்கீலா என்றார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு மறுநாளும் அவன் பெயரைக் கடைசியில் எழுதினேன். அப்போ நான் நடக்கவே இல்லையாண்ணே என்று கேட்டான்.

வியாழக்கிழமை ஒரு கையை வீசிக்கொண்டு மறு கையால் மட்டும் வண்டியைத் தள்ளியிருக்கிறான், திருப்பத்தில் என் கண்ணெதிரே பண்டல் சரிந்து பாதத்தில் விழுந்து இரண்டு விரல் நொறுங்கிவிட்டது, ஆறு வாரம் மாவுக்கட்டு. மானேஜர் அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி, சாட்சிக்கு என் கையெழுத்தைக் கேட்கிறார். நான் போட்டால் அவன் வேலை போச்சு, வைத்தியச் செலவும் அவன் தலையில். ஓய்வுக்கு எட்டு மாசந்தான் இருக்கு, கம்முனு இருங்க என்கிறாள் உன் அம்மா. முடியாது என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, பலகையையும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன், மானேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உடற்பயிற்சி கூடாது என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா, தாராளமாகச் செய்யட்டும். ஆனால் உன் போட்டியில் கடைசி என்று ஒரு பெயர் வந்தால் உடனே எழுதித் தொலைக்காதே. அந்த ஆள் பின்னாலேயே ஒருநாள் முழுக்க நடந்து பார், அவர் உட்காரும்போது மட்டும் நீயும் உட்கார்.

பல் டாக்டரிடம் போக மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இன்னும் ஆத்திரம் அடங்காத,
உன் அப்பா