உடனே ஸ்டார்ட் வந்த கார்

1996 மாசி, செவ்வாய்க்கிழமை

இன்று நான் வேலை செய்யும் கராஜில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு இத்தாலிக் கார்கள். பழையது கார்பரேற்றர் வைத்தது, மற்றது பெற்றோலைத் தானே பீச்சும் இன்ஜெக்ஷன். இரண்டும் ஒரே ஆளுடையவை. ஒன்றைத்தான் வைத்திருக்கப் போகிறாராம்.

இந்த வெளிநாட்டுக் குளிரிலும் இன்ஜெக்ஷன் கார் திறப்பைத் திருப்பியவுடனே ஸ்டார்ட் வந்தது. பழையது இருமி இருமி நின்றது. நான் யோசிக்காமலே போத்தலில் பெற்றோல் எடுத்து கார்பரேற்றர்களின் வாய்க்குள் தெளித்தேன். சொந்தக்காரர் பதறிப்போய்க் கத்தினார். ஆனால் கார் உறுமிக்கொண்டு எழும்பியது. இன்ஜெக்ஷனுக்கு அந்தச் சத்தம் இல்லை, அந்த இழுவையும் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கராஜ் முதலாளி ரவி அண்ணை சிரித்தார். "உந்தத் தெளிப்பை எங்கை பழகினனீர்?"

"யாழ்ப்பாணத்திலை, அண்ணை."

சண்டையால் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் அங்கே எல்லாரும் அப்படித்தான் ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். என் மனைவி வசந்தியைப் பிரசவ வலியோடு ஏற்றிய அன்று பாதி வழியில் கார் நின்றது. எவ்வளவு தெளித்தும் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை.

இதையெல்லாம் ரவி அண்ணைக்குச் சொல்லவில்லை.

வீட்டில் வசந்திக்குக் கார்களைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒருநாளும் கார்க் கதை கேட்காதவள், "உடனை ஸ்டார்ட் வாறது எது?" என்றாள்.

"இன்ஜெக்ஷன். ஆனால் அந்தாள் பழையதைத்தான் வைச்சிருக்கப் போறாராம்."

போர்வையை இழுத்துப் போர்த்தினாள்.

"அந்தாளுக்கு ஒருநாளும் அவசரம் வரேல்லைப் போலை."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரை இல்லை என்று மூச்சிலேயே தெரிகிறது.