முகர்ந்து கொடுக்கும் மருந்து

சிவமயம்

ரெங்கம்,
14.10.1931

அன்புள்ள பெரியண்ணாவுக்கு, தங்கை அன்னபாக்கியம் வணக்கத்துடன் எழுதுவது.

இதுவரை நாங்கள் சுகம் என்றே எழுதி வந்தேன். அது பொய். உங்கள் மைத்துனருக்குக் கண் மறைத்துக்கொண்டு வருகிறது. வைகாசியிலிருந்து எழுத்தே தெரியவில்லை. ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் வேலையை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பீர்கள். பெரிய டாக்டரின் இங்கிலீஷ் கடிதங்களை மத்தியானம் சோற்றுக்கு வரும்போது கொண்டுவருவார். நான் வாசித்துப் பொருள் சொல்லுவேன்.

அகராதியை வைத்துத் தானாகப் படித்தவள்தானே நான். 'டேக்' என்ற ஒரு சொல் என்னைப் படாத பாடு படுத்திற்று. எடுப்பது என்றுதான் எண்ணியிருந்தேன். டாக்டருக்கோ மருந்து குடிப்பதும் டேக், காய்ச்சல் அளப்பதும் டேக், நோயாளியைக் கூட்டிப்போவதும் டேக். செலவுக் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் இருபத்துமூன்று விதம் குறித்து வைத்திருக்கிறேன். இவரிடம் சொன்னபோது, அதுவும் உம்மைப் போலத்தான், ஒற்றை ஆளாய் எல்லா வேலையும் செய்யுது என்று சிரித்தார்.

ஒரு கடிதத்திலும் பிழை வரவில்லை. அந்தப் பெருமையில் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் போத்தல்களை யார் வாசிப்பது?

போன வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம், பால்மரம் வெட்டும் வெள்ளையம்மா வந்தாள். பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கிய போத்தல் கையில். டிரெசரய்யா அவசரத்துல மாத்திக் குடுத்துட்டாங்க போலம்மா, வாடை கால்ல பூசுற மருந்தாட்டம் இருக்கு என்றாள். போத்தலில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். பூசுகிற மருந்துதான். உள்ளே போனால் நஞ்சு. நல்லவேளை, பிள்ளைக்கு இன்னும் கொடுக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும், இனி முகர்ந்து பார்த்துக் கொடுக்கிறேன், டாக்டருக்குத் தெரிந்தால் வேலையும் போம், இந்த வீடும் போம் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். இந்த நாலைந்து நாளாக கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் வாசலுக்கு ஓடுகிறேன். தேவாரம் பாதியில் நின்றுபோகிறது.

நாளை டாக்டர் வரும் நாள். அவரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். இங்கிலீஷில் நாலு வசனம் எழுதிப் பாடமாக்கிவிட்டேன்.

இவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். என்ன எழுதுகிறீர் என்று கேட்டார். 'டேக்'குக்கு இன்னொரு பொருள் கிடைத்தது என்றேன். இருபத்துநாலாவது: பறிப்பது.

அண்ணா, பதிலை இரண்டு தாளில் எழுதுங்கள். நான் செய்தது பிழையென்றால் அதை எனக்குத் தனித்தாளில் எழுதுங்கள். அவருக்கு வாசித்துக்காட்டும் தாளில் 'வீட்டுக்கு வாருங்கள்' என்று மட்டும் இருக்கட்டும்.

கந்தசாமியார் துணை.

உங்கள் தங்கை,
அன்னபாக்கியம்