மதகைத் திறக்கும் முன்

அன்பு மகனுக்கு அம்மா சொல்லிக்கொள்வது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன், இங்கே நானும் உன் தங்கையும் இந்த நிமிடம் வரைக்கும் நலம். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதே என்று பதறாதே, என் வலது கையில் மாவுக்கட்டு, நான் சொல்ல அவள் எழுதுகிறாள். (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு அண்ணா. கோழியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், என் நேர்மையைப் பார்.) நீ இருக்கும் காட்டில் போன் எடுக்காது. உங்களுக்கு நாற்று ஏற்றிவரும் வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார், அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். இது உன் கைக்கு வரும்போது இங்கே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். அதனால் உன்னிடம் யோசனை கேட்கவில்லை, உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன், அவ்வளவுதான்.

கை எப்படி ஒடிந்தது என்றால், நம் தெருவுக்கு மேலே நீயும் உன் ஆட்களும் வெட்டிய மழைநீர்க் குளம் இருக்கிறதே, அதன் கரையைப் பார்வையிட போன வாரம் வழக்கம்போல் ஒரு காலையில் போனேன். குருவிகள் குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை கரைப் புல்லை வெட்டவேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய், நானும் யாரையும் அரிவாள் எடுக்க விடவில்லை, புல் இடுப்பு உயரம் நிற்கிறது, பார்க்க அழகுதான். அந்த அழகுக்குள் பெருச்சாளி வளை தோண்டியிருப்பது யாருக்குத் தெரியும். கால் முழங்கால்வரை உள்ளே போய்க் கையை ஊன்றி விழுந்தேன். (அம்மா வளையைக் கண்டுபிடிக்கவில்லை, வளைதான் அம்மாவைக் கண்டுபிடித்தது.) உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணா, குருவிக்கு வீடு கொடுத்தோம், பெருச்சாளியும் வாடகையில்லாமல் குடிவந்துவிட்டது.

என் பயம் கையைப் பற்றி இல்லை. கரையின் வெளிப்பக்கம், நம் கொல்லையைப் பார்த்த அடிப்பகுதியில் தண்ணீர் கசிகிறது. தினமும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சமையலறை ஜன்னலில் வைத்துப் பார்க்கிறேன். தெளிவாக வந்தால் அது கரைக்கு வேர்வை, கலங்கி வந்தால் கரையை உள்ளுக்குள்ளேயே தண்ணீர் அரிக்கிறது என்று நீதானே சொன்னாய். முந்தாநாள்வரை தெளிவு, நேற்று லேசான மங்கல், இன்று காலையில் பால் விட்ட டீ மாதிரிக் கலங்கல். (கரை கரைகிறது என்றேன். அம்மா சிரிக்கவில்லை. சொன்ன எனக்கும் சிரிப்பு வரவில்லை.) டம்ளரைக் கொண்டுபோய் குளத்து மேற்பார்வையாளர் முன்னால் வைத்தேன். உனக்குத் தெரியுமே, நம் ‘நாளைக்குச் சார்’. இஞ்சினியர் வரட்டும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம், நாணல் இப்பதான் வேர் பிடிச்சிருக்கு, மதகைத் திறந்தா மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும், உங்க பையனுக்கு யாரு பதில் சொல்றது என்றார். பெரிய மழை இன்று ராத்திரியே என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்துகிறது. (சார் பேச்சை மழை கேட்குமா?) அவர் சொன்னதிலும் பொய் இல்லை. மதகுக்குக் கீழே ஓடையின் இரண்டு பக்கமும் நீ முழங்கால் சேற்றில் நின்று நட்டதை நான் பார்த்திருக்கிறேன். திறந்தால் அந்த நாணல் போகும். திறக்காமல் மழையில் குளம் நிரம்பினால் அந்த வளை வழியாகக் கரையே போகும், முதலில் நம் வீடு, அடுத்து தையல்காரர் வீடு, அப்புறம் தெரு முழுக்க.

வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விடுங்கள் என்று சொன்னோம். தையல்காரர் தைத்துக்கொண்டே, இது உங்க சின்னக் குட்டியோட அடுத்த விளையாட்டாம்மா, போன தடவை என் மிஷின் டிராயருக்குள்ள தவளை என்றார். பிறகு நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தார். இவள் சிரிக்கவில்லை. மனிதர் மிஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மூட்டை கட்டினார்கள்.

நீ கொடுத்துவிட்டுப் போன மதகுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. துருப்பிடித்த சக்கரத்துக்குக் காலையிலேயே எண்ணெய் விட்டுவிட்டேன். ஒரேயடியாகத் திறக்கமாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகத்தான், நாணலில் பாதியாவது நிற்கட்டும். வண்டிக்காரரை ஒரு கை கொடுங்கள் என்று கேட்டேன், அனுமதி இல்லாமல் தொட்டால் வேலை போய்விடும் என்று தலையைக் குனிந்துகொண்டார், பிள்ளைகுட்டிக்காரர், நான் வற்புறுத்தவில்லை. ஒற்றைக் கையால் சக்கரம் அசையாது, அதனால் இவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெற்றவள் செய்கிற காரியமா இது என்று நீ கேட்பாய், நானும் கேட்டுக்கொண்டேன். (மூன்று கை, நான்கு பேருக்கான வாய், போதாதா அண்ணா? இதை எழுதும்போது எனக்கும் பயம்தான், அம்மாவிடம் சொல்லவில்லை.)

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். நீ நூறு வயது ஆரோக்கியமாக இருக்க வேண்டும். மழை நாளில் அங்கே நீங்கள் வெட்டும் கால்வாய்க்குள் தனியாக இறங்காதே, துணைக்கு ஆள் வைத்துக்கொள், மறந்துவிடாதே. நாணல் போனதற்குக் கோபப்படு, வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு. நீ சண்டை போட வரும்போது இந்த வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றுதான் திறக்கிறேன்.

உன் அம்மா
(கையெழுத்தை மட்டும் இடது கையால் அம்மாவே போட்டாள். கோணலுக்குக் காரணம் இடது கைதான், நடுக்கம் இல்லை என்று எழுதச் சொல்கிறாள்.)