சாய்ந்த மேசையில் அறுத்த நட்சத்திரங்கள்

இன்று மதியம் ஆலையின் ஆய்வகத்தில், எண்ணெய் மாதிரிகள் சூடேறக் காத்திருந்தபோது வெள்ளை அங்கியின் பைக்குள் கையை விட்டேன். விரலில் உன் மர நட்சத்திரம் பட்டது. சில வாரங்களாக அது அங்கேயேதான் இருக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்குத் துணி, தலைமுடி, மதியச் சோறு எல்லாவற்றிலும் ஒரே வேக்காட்டு வாசனைதான். அதையும் தாண்டிப் பலா மரம் மணத்தது. லேசான இனிப்பு, அடியில் கொஞ்சம் கருகல். நீ அறுக்கும்போது எங்கள் கார் போர்ச் முழுவதும் நிற்குமே, அந்த மணம்.

உன்னிடம் பேசி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. பேசக் கூச்சமாக இருந்தது. பேசினால் முதலில் பலகையைப் பற்றிக் கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது கோலசிலாங்கூர் டவுனில், ஒரு ஹார்ட்வேர் கடையில். நீ கவுண்டரில் நின்று இரண்டு விரல்களுக்கு நடுவே காற்றைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாய்.

"இவ்ளோ மெல்லிசுண்ணே. முடி மாதிரி இருக்கும். ஆனா பல்லு இருக்கும்."

கடைக்கார அண்ணன் இரும்பு அறுக்கும் பிளேடு ஒன்றை எடுத்து வைத்தார். நீ தலையாட்டினாய். "இதவிட மெல்லிசுன்னா தையல் சாமான் கடைக்குத்தான் போகணும் தங்கச்சி," என்றார் அவர்.

தெரியாதவர்களிடம் நான் வாயைத் திறப்பவள் அல்ல. அன்று எப்படியோ திறந்தது.

"ஸ்க்ரோல் சா பிளேடா? இங்க கிடைக்காது. ஆன்லைன்லதான் வாங்கணும்."

நீ திரும்பினாய். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட இருக்கு."

"பிளேடா?"

"மெஷினே இருக்கு."

உன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. வெளியூர் பஸ் நிலையத்தில் தன் தெருக்காரரைக் கண்டவர் முகம் அது. அடுத்த மூச்சிலேயே உன் கஷ்டத்தைச் சொன்னாய். "நானும் ஒண்ணு எங்க சாப்பாட்டுக் கடைக்கு மேல மாடியில வச்சிருக்கேன். தூசி கீழ மீ கோரெங் தட்டுல விழுதுன்னு வாப்பா கத்துறாரு. உங்க வீட்ல எடம் இருக்கா?"

பெயர் கேட்பதற்கு முன்னால் இடம் கேட்டவள் நீ. அந்த வாரமே உன் மெஷின் புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என்னுடையது சிறியது, உன்னுடையது பெரியது. இரண்டும் அக்காள் தங்கை போலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எனக்கு இன்று தூக்கத்தில் கண்டவை போலத் தோன்றுகின்றன. முகமூடியும் தலைத்துணியுமாக நீ குனிந்திருப்பாய். கிரில் கம்பிகளுக்கு இடையே வெயில் விழும். அந்த வெயிலுக்குள் மஞ்சள் தூசி ஏறியும் இறங்கியும் எங்கேயும் போகாமல் மிதக்கும். அந்த வாரம் நான் படித்த புத்தகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மெஷின் சத்தத்தில் உனக்குப் பாதிதான் கேட்கும். மீதியை நீயே இட்டுக்கட்டிக்கொள்வாய். ஒரு முறை நான் சொன்ன கதையில் செத்துப்போனவனை நீ ஊருக்கு அனுப்பிவைத்தாய். "பஸ் ஏறிட்டான்னு நெனச்சேன் லா," என்றாய். உன் முடிவுதான் நன்றாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"வாரா வாரம் தையல் சத்தம் கேக்குதே. தீபாவளிக்கு எனக்கு ஒரு பிளவுஸ் தச்சுக் குடுங்களேம்மா."

நீ மெஷினை நிறுத்தி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினாய். "பாக்கத்தான் தையல் மெஷின் ஆன்ட்டி. ஊசிக்குப் பதிலா பிளேடு மேலயும் கீழயும் ஆடும். துணிய தள்ளுற மாதிரி பலகைய தள்ளணும். இதுல பிளவுஸ் தச்சா பலகையாத்தான் வரும். போட்டா குனிய முடியாது."

"நான் எங்க குனியப் போறேன்? கோயில்ல நிமிந்து நின்னா போதும் லா," என்றார் ஆன்ட்டி.

நான் இலைகளும் கொக்குகளும் அறுப்பேன். நீ பள்ளிவாசல் ஜன்னல்களில் இருப்பது போன்ற நட்சத்திரப் பின்னல்களை அறுப்பாய். படத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு துளை போட்டு, துளை வழியே பிளேடைக் கோத்து, சுற்றி வந்து முடித்ததும் பலகையைத் தூக்குவாய். நடுத்துண்டு 'டக்' என்று மேசையில் விழும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வேலையும் என்பாய். கடையில் நாள் முழுவதும் தட்டு, கரண்டி, ஆர்டர் என்று எதுவும் ஓயாது என்றும், இங்கே ஒரு சத்தத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாம் என்றும் சொன்னாய். விழுந்த துண்டுகளை நான் பிஸ்கட் டின்னில் சேர்ப்பேன். "குப்பைய சேத்து வைக்கிறா பாரு," என்பாய்.

உன் மெஷினின் மேசையைச் சாய்க்கவும் முடியும். கொஞ்சம் சாய்த்து வைத்து வளையம் வளையமாக அறுத்தால், துண்டுகள் முழுதாக விழாமல் பாதி வழியில் இறுகி நிற்கும். தட்டைப் பலகை கிண்ணமாகிவிடும். உனக்குக் கிண்ணம் செய்வதில் பைத்தியம். செய்து முடித்தபின் மேசையை நேராக்க மட்டும் மறந்துவிடுவாய். அடுத்த வேலையில் ஒன்றும் விழாது. அதற்குப் பயந்தே நான் உன் மெஷினைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் மேசையின் மேல் மூலைமட்டத்தை வைத்து, பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன்.

"உனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தாலும் மூலைமட்டத்தோடதான் நிப்ப. நிமிந்து நிக்கிறானான்னு," என்று கிண்டல் செய்வாய்.

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா எனக்குச் சொல்லு. நான் கிண்ணம் பண்ணிக்கிறேன்."

உன் துண்டுகள் சிக்கிக்கொள்ளும்போது கோபம் வராது உனக்கு. பலகையை ஒரு தட்டுத் தட்டுவாய். அப்போதும் வரவில்லை என்றால் தோளைக் குலுக்குவாய். "விழலன்னா விடு லா. அதுக்கு இஷ்டமில்ல."

அந்தப் பலாப் பலகையை வாங்கப் பாகான் நக்கோடா ஓமார் வரை போனோம். நெல் வயல்களுக்கு நடுவே சாலை நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வானம் முழுவதும் தண்ணீரில் கிடந்தது. நீ ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டிக் காற்றை அறுத்துக்கொண்டு வந்தாய். அங்கே படகு பழுது பார்க்கும் பாக்சிக், மலாய்ப் பெரியவர் ஒருவர், நாம் கேட்ட பலகையின் அளவைக் கேட்டு, இதில் படகு கட்டினால் எலிகூட ஏறிப் போக முடியாதே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். வீட்டுக் கொல்லையில் சாய்ந்த பலா மரத்தில் இழைத்த ஒரு பலகையைச் சும்மாவே தந்தார். திரும்பும் வழி முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். உம்மாவின் தொழுகை அறை ஜன்னலுக்கு என்றாய். "சாயங்காலம் அஸர் தொழுறப்ப வெயில் நேரா மூஞ்சில அடிக்குதாம் உம்மாவுக்கு. திரை போட்டா இருட்டா இருக்காம். நட்சத்திரமா வெட்டிக் குடுத்தா வெயில் பொடிப் பொடியா வரும்ல?"

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். ஒரு புதன்கிழமை, நான் வேலையில் இருந்தபோது வந்து அறுத்தாய். கிரில் சாவி உன்னிடமும் ஒன்று இருந்தது. மாலையில் குரல் பதிவு அனுப்பினாய். "எல்லாம் அறுத்து முடிச்சிட்டேன். பலகையத் தூக்குனா ஒண்ணுகூட விழல. எல்லாம் பாதில நிக்குது. போன வாரம் கிண்ணம் பண்ணுன சாய்வு அப்படியே இருந்திருக்கு. நீ சிரிக்காத. தலை வலிக்குது, நான் போறேன். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் உக்காந்து எடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நீ மருத்துவமனையில் இருந்தாய். டெங்கி என்றார்கள். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

பலகை நீ வைத்த இடத்திலேயே கிடந்தது. பின்னலுக்குள் எல்லா நட்சத்திரங்களும் பாதி அமிழ்ந்து, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் முகங்களைப் போல நின்றன. அதையும் உன் மெஷினையும் துணியால் மூடினேன். மேசையின் சாய்வை நேராக்கவில்லை. என் மெஷினையும் நான் தொடவில்லை. உன் கை கடைசியாக விட்ட நிலை அது. அதைக் கலைத்தால் உனக்கு இன்னொரு முறை ஏதோ நடந்துவிடும் என்பது போல ஒரு பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மழைக்காலம் வந்தது, ஈரத்தில் மரம் உப்பியது. ஒரு நாள் துணிந்து ஒரு துண்டைத் தள்ளிப் பார்த்தேன். பின்னலின் மெல்லிய கால் ஒன்று 'கிரிக்' என்றது. கையை எடுத்துவிட்டேன். தள்ளினால் முறியலாம். தள்ளாவிட்டால் அது வெறும் பலகை, வெளிச்சம் நுழையாது.

இரண்டு மாதங்களுக்கு முன் உம்மா போன் செய்தார். வாப்பா கடையை ஆள் வைத்து நடத்துகிறார், தாங்கள் இருவரும் உன் அண்ணனுடன் புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறோம் என்று சொன்னார். பிறகு பலகையைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் பலகை உங்கிட்டதானம்மா இருக்கு? இங்கயும் என் ரூமு ஜன்னல் மேக்குப் பக்கம்தான் பாக்குது. வெயில் வருது."

"இன்னும் முடியல உம்மா. துண்டெல்லாம் உள்ளயே நிக்குது. எடுத்தா ஒடஞ்சாலும் ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா ஒட்டிக்கலாம். சும்மா கெடந்தா யாருக்கு?"

வெயில் காயும் வாரமாகப் பார்த்து, பலகையைத் துவாலையில் சுற்றி எடுத்துப் போனேன். உம்மா தரையில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வைத்தார். அவற்றின் மேல் பலகையைக் கவிழ்த்தோம்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

"பின்னாலேருந்து தள்ளினா வெளிய வரும். முன்னாலேருந்து தள்ளினா இன்னும் இறுகிப் போகும்."

"அவளும் அப்படித்தான். முன்னால நின்னு சொன்னா கேக்க மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. முதல் துண்டின் மேல் விரலை வைத்துவிட்டு அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உம்மா என் விரலைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக நகர்த்திவிட்டு, ஆயுள் முழுவதும் மாவு பிசைந்த தன் கட்டை விரலை அங்கே வைத்தார். அழுத்தினார்.

'டக்.'

தரையில் ஒரு நட்சத்திரம் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னல் முறியவில்லை.

"இதுக்குத்தான் மாடியில உக்காந்து கெடந்தாளா?" என்றார் உம்மா. குரலில் குறை இல்லை. ஏதோ புரிந்துகொண்டது போல இருந்தது. "இந்தச் சத்தத்துக்கு."

அடுத்ததை நான் தள்ளினேன். அதற்கடுத்ததை அவர். துண்டு விழும் சத்தம் மட்டும், ஒன்று விழுந்து இன்னொன்று விழும் வரை உள்ள அமைதி மட்டும். நீ காத்திருப்பதாகச் சொன்ன நேரம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நட்சத்திரங்களை உம்மா தன் முக்காட்டின் நுனியில் சேர்த்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் நடுவில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. நான் அழுத்தினேன். அதைச் சுற்றியிருந்த மெல்லிய மரம் வளையத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று என் விரல் சொன்னது, அல்லது உடைந்துவிடும். உம்மா என் கையைப் பிடித்தார்.

"வேணாம். விடும்மா. அதுக்கு இஷ்டமில்ல."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சை நீ அவரிடமிருந்து எடுத்தாயா, அவர் உன்னிடமிருந்து எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

உன் அண்ணன் வந்து பலகையை ஜன்னலில் பொருத்தினார். அஸர் நேரம் வந்தது. நான் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது போலவே வெயில் பொடிப் பொடியாக உள்ளே வந்தது. உம்மாவின் வெள்ளைத் தொழுகை ஆடையின் மேல், விரிப்பின் மேல், சுவரில், எல்லா இடத்திலும் நட்சத்திரங்கள். அவர் குனிந்தபோது முதுகில் ஏறின, நிமிர்ந்தபோது வழிந்து இறங்கின. நடுவில் ஒன்று மட்டும் இருட்டாக இருந்தது. தொழுது முடித்தபின் உம்மா அந்த இருட்டான இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தரையில் அந்த ஓரிடத்தில்தான் சூடு இல்லை என்று என்னிடம் சொன்னார்.

விழுந்தவற்றை என் டின்னுக்குத் தந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் மெஷினின் துணியை எடுத்தேன். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பிளேடுக்கும் மட்டத்துக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான் உன் சாய்வு. திருகைத் தளர்த்தி மேசையை நேராக்கினேன். பிறகு திருகை இறுக்கினேன்.

இப்போது ஞாயிறுதோறும் மீண்டும் அறுக்கிறேன். என் துண்டுகள் ஒழுங்காக விழுகின்றன. ஆலைக்குப் போகும்போது உன்னுடைய ஒன்று பையில் இருக்கிறது. கண்ணுக்கு அது சாதாரண நட்சத்திரம். விளிம்பில் கட்டை விரலை ஓட்டினால்தான் தெரியும், ஒரு முகம் மற்றதைவிட மயிரிழை சிறியது. மாதிரிகள் சூடேறும் வரை அந்தச் சரிவில் விரலை ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்கிறேன்.