ஆள் மாறிப்போச்சு

ஜெயபுரம்,
09.01.2025

அன்புள்ள விமலேஸ்வரி மாமிக்கு,

மேனுகாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது, நீங்கள் அம்மம்மாவாகிவிட்டீர்கள், தாயும் பிள்ளையும் சுகம் என்று அம்மா சொன்னா. கேட்க ஆறுதலாக இருந்தது. கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் என்ன பாடுபடுகிறதோ தெரியவில்லை. வெளியே இறங்கினால் இரண்டு சோடி காலுறை போடுங்கள்.

நான் ஐந்து நாள் லீவில் வந்திருக்கிறேன். மழை பிந்தியதால் உங்கள் வயல் இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. போன கிழமை யானை வந்து கிணற்றடி வாழையில் பாதியை முறித்துப்போட்டது. மாமா சுகம். சமைக்கப் பழகிவிட்டார், தேங்காய்ப்பால் சொதி மட்டும் ஒவ்வொரு நாளும் திரைந்து போகிறதாம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றதைச் சொல்லத் தொடங்கினால் "விடு பிள்ளை" என்று நீங்கள் கதையை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

நீங்கள் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று காலை, விமான நிலையத்தில் எங்கள் பக்கத்துச் சோதனை இயந்திரங்களில் ஒன்று பழுதாகி நின்றது. வரிசை வாசலையும் தாண்டிப் போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் விமானம் போய்விடும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு கைப்பைக்குள், விமானத்தில் கொண்டுபோக விடாத அளவில் பெரிய போத்தல் தெரிந்தது. அது யாருடைய பை என்று எனக்குத் தெரியாது. பையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள்.

"எடி ரூபி! நீயோடி? எங்கடை ஜெயபுரத்துப் பிள்ளை இஞ்சை நிக்க, நான் ஏன் பயந்தனான்!" என்று நீங்கள் சொன்னது அந்த மண்டபம் முழுவதும் கேட்டது.

மாமி, அங்கே ஒருவருக்கும் நான் ஜெயபுரம் என்று தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஊர் எது என்று கேட்டார்கள். வன்னி என்றால் சண்டை நேரம் எங்கே இருந்தாய், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள் என நினைத்து, கொழும்புக்குப் பக்கத்து வத்தளை என்றேன். இரண்டு வருடமாக நான் வத்தளைப் பிள்ளைதான், அங்கே ஒரு சொல் தமிழ் கதைத்ததில்லை. நீங்கள் கூப்பிட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்து, பையைத் திறவுங்கள் அம்மா என்று சிங்களத்தில் சொன்னேன்.

உங்களுக்கு விளங்கவில்லை. சிரித்தபடியே நின்றீர்கள். நான் இன்னொரு தரம், இன்னும் சத்தமாக, சிங்களத்திலேயே சொன்னேன். அப்போதுதான் உங்கள் சிரிப்பு நின்றது.

எங்கள் மேற்பார்வையாளர் வந்து, இவரைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரிந்தவர்கள் வந்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும், வேறொருவர் சோதிப்பார். அவ்வளவுதான் விதி. ஓம் என்றிருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திராது. நான் தெரியாது என்றேன். அவர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் உங்களிடமும் கேட்டார். நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு, "இல்லை மேடம், எங்கடை ஊர்ப் பிள்ளை ஒண்டின்ரை சாயல். எனக்கு ஆள் மாறிப்போச்சு" என்றீர்கள்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. உங்கள் துவாயை, மருந்துகளை, குழந்தைக்குத் தைத்த சட்டைகளை, உள்ளுடுப்புகளைக்கூட எல்லோருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். சேலைத்துண்டில் சுற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல் அடியில் இருந்தது. மேனுகாவின் பத்தியச் சாப்பாட்டுக்கு என்று மாமா எள்ளைச் சைக்கிளில் கொண்டுபோய் ஆட்டுவித்த எண்ணெய். பெட்டி தொலைந்தாலும் இது தொலையக்கூடாது என்றுதான் கையில் கொண்டு வந்திருப்பீர்கள்.

வெறும் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதுக்குள்ளை கொஞ்சமெண்டாலும் ஊத்தலாமோ பிள்ளை?" என்று கேட்டீர்கள். ஊற்றலாம் மாமி. அந்த அளவுப் போத்தலைக் கொண்டுபோக விடுவோம். அதைச் சொல்ல எனக்குத் தமிழ் வேண்டியிருந்தது. நான் விளங்காதவள் போல நின்று, பெரிய போத்தலைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். நீங்கள் சட்டைகளைத் திரும்ப அடுக்கிய பிறகு பையின் சிப் இழுபடவில்லை. உங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்புச் சொன்னார்கள். பையைத் திறந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினீர்கள். நான் அடுத்த பையைப் பார்த்தேன்.

ஊருக்கு வந்தால் கதை வேறாக இருக்கிறது. ரூபி தன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட்டாள் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறா. நேற்றுப் பின்னேரம் மாமா ஒரு பூசணிக்காயோடு வந்தார். "அவள் பயந்து பயந்து போனவள் பிள்ளை. நீ நிண்டது பெரிய உதவி" என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

இன்று காலை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா அடுப்பை நூர்த்துவிட்டுக் கதிரையில் இருந்தா. பிறகு, "எனக்குக் காய்ச்சல் எண்டு, உன்ரை இந்த வேலைக்கு நேர்முகத்துக்கு அவாதானேயடி கொழும்புக்கு வந்தவா. விடிய வந்த மனுசி பின்னேரம் மட்டும் வாசலிலை பச்சைத்தண்ணியோடை நிண்டவா" என்றா. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இதை முடித்துவிட்டு மாமாவிடம் போகிறேன். அவருக்கும் நானே சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பியதும் மேற்பார்வையாளரிடமும் சொல்வேன், வத்தளையைப் பற்றியும் சேர்த்து. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? மேனுகாவிடம் எண்ணெய்க்கு என்ன சொன்னீர்கள்? அவளிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றியது போதும் மாமி.

நீங்கள் சித்திரைக்குப் பிறகு திரும்புவதாக அம்மா சொன்னா. திகதியை எழுதுங்கள். அந்த வேலை எனக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே வரும் வாசலில் நிற்பேன். இந்த முறை நான்தான் முதலில் கூப்பிடுவேன், எல்லோருக்கும் கேட்க. அப்போது ஆள் மாறிப்போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ.

உங்கள்
ரூபி